யார் தயார்?

காக்கி நிஜாரில் அப்படி என்னதான் மந்திரம் இருக்கிறதோ தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும் பிராயத்தை அடைந்துவிட்ட ஒருவரிடம் சென்று, "தாங்கள் பள்ளிக்கூடத்தில் சாரணராக இருந்ததுண்டோ?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தவர் என்றால், வளைந்த முதுகு உடனே நிமிரும். வலது கையின் மூன்று விரல்கள் தாமாகவே மேலே எழும்பும். அந்த நாளில் மனப்பாடம் செய்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. மொகலாய அரசர்களின் வரிசையில் பாதிப் பேரைக் காணோம். ஆனால் கழுத்துத் துணியை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை!

பள்ளிப் பருவத்தில் மனிதன் எத்தனையோ கற்றுக்கொள்கிறான். கற்றதில் பெரும்பகுதியை மறந்தும் விடுகிறான். இந்த ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிடுவதற்குக் காரணம் என்ன? இந்த வாரம் நாம் ஆராயப் புகும் விஷயம் இதுதான்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் தாராசுரம். கும்பகோணத்துக்கு மேற்கே நடந்தே சேர்ந்துவிடக் கூடிய சிற்றூர். இரண்டாம் இராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோவில் அங்கே இருக்கிறது. 2004-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தார் அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தார்கள். தேர் வடிவில் சக்கரமும் குதிரையும் பூட்டிய அதன் மண்டபத்தைப் பார்ப்பதற்குத் தூர தேசங்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். உள்ளூர்ப் பெரியவர்களோ மாலை வேளையில் கோவிலைச் சுற்றியுள்ள புல்தரையில் காற்று வாங்கவும், கொஞ்சம் வம்பு பேசவும் வருகிறார்கள். அந்தப் பேச்சுக் கச்சேரியில் மூன்று பேர் பழைய சாரணர்களாக வாய்த்தது நமது அதிர்ஷ்டம்.

அவர்களில் முதல்வர் நெசவுத் தொழிலாளி. தாராசுரம் பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர் அல்லவா? சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டிருக்கும் வீதிகள் அங்கே உண்டு. அவர் சொன்ன கதை இது:

"எங்கள் சாரண ஆசிரியர் ஒரு நாள் கயிறு கொண்டு வந்து முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தார், ஐயா. ஒரு கயிறு தடிமன், ஒரு கயிறு மெலிசு. இரண்டையும் அவிழாமல் இணைக்க வேண்டும். எல்லாப் பையன்களும் கயிற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். நான் இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன், முடிச்சு விழுந்துவிட்டது. 'எங்கேயடா கற்றாய்?' என்றார் சார். 'பாவில் இழை அறுந்தால் எங்கள் வீட்டில் இப்படித்தான் பிணைப்போம், சார்' என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, 'இன்றைக்கு வாத்தியார் நான் இல்லை, இவன்தான்' என்று சொல்லி என்னை நடுவில் நிறுத்திவிட்டார்."

சாரணர்கள் பழகும் அந்த முடிச்சும், நெசவாளர் இழையறுந்தால் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றேதான். உலகெங்கும் கப்பலோட்டிகள் பாய்மரக் கயிற்றில் போட்டதை நெசவாளர்கள் பட்டு நூலில் போட்டு வந்தார்கள். வகுப்பில் கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பின்வரிசையில் உட்கார்ந்த பையன், தன் தகப்பனார் தறிக்குழியில் கற்றுக் கொடுத்த வித்தையால் ஒரு நாள் முன்வரிசைக்கு வந்தான். அந்த ஒரு நாளின் வெளிச்சம் அறுபது ஆண்டுகளாகியும் அவர் முகத்தை விட்டு அகலவில்லை.

இரண்டாமவர் ஓர் அம்மையார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாரணியர் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. இரண்டு இரவு முகாமில் தங்க வேண்டும் என்றதும் வீட்டில் பெரிய கலகமே உண்டாகிவிட்டதாம்.

"'பெண் குழந்தை ராத்திரி வெளியில் தங்குவதாவது!' என்று பாட்டி இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்பாதான் கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தார். அங்கே போனதும் எங்கள் அணிக்கு மூன்று செங்கல்லும், ஒரு கட்டு விறகும், பாத்திரமும், அரிசியும் கொடுத்து, 'சமைத்துக் கொள்ளுங்கள்' என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அடியில் தீய்ந்து, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே இருந்தது சோறு. அவ்வளவு ருசியான சாப்பாட்டை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதே இல்லை. இராத்திரி பாசறைத் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம். கொட்டகை வாசலில் ஒரு மணி நேரம் நான் காவல் இருந்தேன். பயந்தான். ஆனால் மற்றவர்கள் தூங்குவது என்னை நம்பி அல்லவா?"

கடைசியாக அவர் சொன்ன அந்த வார்த்தையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவர் கதைக்குப் போகுமுன், இந்த இயக்கம் நம் நாட்டுக்கு வந்த கதையையும் சற்றே தெரிந்துகொள்வோம். அதிலும் "நம்பிக்கை" என்பதுதான் வழக்காக இருந்திருக்கிறது.

சாரணர் இயக்கம் சீமைச் சரக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்தச் சரக்கில் நம் நாட்டு நூலும் கலந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதை ஆரம்பித்த பேடன் பவல் துரை 1876-ம் ஆண்டில் இளம் பட்டாள அதிகாரியாக இந்தியாவில் வந்து இறங்கியவர். படைவீரர்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, சுவடு பார்க்கவும், கண்ணையும் காதையும் கூர்மையாக வைத்துக்கொள்ளவும் பழக்கியவர். பட்டாளத்துக்காக அவர் எழுதிய புஸ்தகம் 1899-ல் வெளியாயிற்று. அதை இங்கிலாந்துப் பையன்கள் எடுத்து வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்! அப்புறந்தான் 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில் இருபது பையன்கள் அளவில் கூட்டி முதல் முகாமை நடத்தினார். மறு ஆண்டில் சிறுவர்களுக்கென்றே நூல் எழுதினார். தட்டில் பல சாமான்களைப் பரப்பி, ஒரு நிமிஷம் காட்டி மூடிவிட்டு, என்னென்ன இருந்தன என்று கேட்கும் விளையாட்டு சாரணரிடையே பிரசித்தமானது. அது கிப்ளிங் எழுதிய "கிம்" என்ற நாவலில் சிம்லாவின் இரத்தின வியாபாரி ஒருவர் பையனுக்குக் கற்றுக் கொடுக்கும் வித்தை.

இந்தப் பின்னணியோடு பிறந்த இயக்கம் 1909-ம் ஆண்டில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. வந்ததே ஒழிய, வெள்ளைக்காரப் பையன்களுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கும் மட்டுமே அதில் இடம். நம் பையன்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. அணிவகுத்து நடக்கவும், வழி கண்டுபிடிக்கவும், தலைவன் சொல்லுக்குக் கட்டுப்படவும் இந்தியச் சிறுவனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவன் யாரை எதிர்த்து அணிவகுப்பானோ என்ற பயம் சர்க்காருக்கு இருந்தது. பயத்தில் நியாயம் இல்லாமலும் போகவில்லை!

சாத்திய கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்க நம்மவர் சம்மதிக்கவில்லை; தாங்களே வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் படை ஏற்படுத்தினார். பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக விளங்கியவர் இவரே. சென்னையில் 1916-ம் ஆண்டில் அன்னி பெஸண்டு அம்மையார் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அந்தப் பையன்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். வடக்கே பண்டித மதன மோகன மாளவியா, ஹிருதயநாத குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் முயற்சியால் சேவா சமிதிச் சாரணர்கள் தோன்றி, திருவிழாக் கூட்டங்களில் தொண்டு செய்து பெயர் பெற்றார்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெஸண்டு அம்மையாரின் சங்கம் பெரிய சங்கத்தோடு இணைந்தது, கதவும் திறந்தது. ஆனாலும் மனத்தாங்கல் முற்றிலும் தீரவில்லை. 1937-ல் அவர் மறுபடி வந்து போன பின்பு, இந்தியரின் குணத்தைக் குறைத்து அவர் எழுதியதாகப் பெரிய கிளர்ச்சி எழுந்தது, பலர் விலகினர், ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றிற்று. சுதந்திரம் வந்த பிறகு, 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி, தனித்தனியே இருந்த சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பாரதச் சாரணர் இயக்கம் ஆயின. 1951-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் தேதி சாரணியர் சங்கமும் அதனோடு இணைந்தது. மன்னருக்குச் செய்வதாக இருந்த பிரதிக்ஞை தாய்நாட்டுக்குச் செய்வதாக மாறிற்று. குருளையரும், சாரணரும், சாரணியரும், திரிசாரணரும் இன்று அந்தக் கொடியின் கீழ்தான் நிற்கிறார்கள்.

இத்தனை வழக்குக்கும் மூலம் ஒரே கேள்விதான்: "இந்தப் பையனை நம்பலாமா?" சர்க்கார், "நம்ப முடியாது" என்றது. பெஸண்டு அம்மையாரும் மாளவியாவும், "நாங்கள் நம்புகிறோம்" என்றார்கள். சாரணன் எடுக்கும் உறுதிமொழியின் முதல் வார்த்தையே தன் மானத்தின்மேல் ஆணை என்பதுதான். பத்து வயதுப் பையனுக்கும் மானம் உண்டு, அதன்மேல் அவன் ஆணையிடலாம், அந்த ஆணையைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டது பெரிய காரியம் அல்லவா? நெசவாளி வீட்டுப் பையனை நடுவில் நிறுத்திய ஆசிரியரும், கொட்டகை வாசலில் சிறுமியைக் காவல் வைத்த ஆசிரியையும் செய்த காரியம் இதுவே. வீட்டில், "நீ குழந்தை, உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த காதில், "இது உன் பொறுப்பு" என்ற சொல் முதன்முதலாக விழுந்த நாளை மனிதன் எப்படி மறப்பான்?

இனி, மூன்றாமவர் கதை. இவர் கும்பகோணத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். 1968-ம் ஆண்டு மகாமகத்தின்போது இவருக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்துச் சாரணர் படையோடு தொண்டுக்குப் போயிருந்தார். மகாமகக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு வர்ணித்துப் பயனில்லை. குளத்துக்குப் போகும் சந்து ஒன்றின் முனையில் இவரை நிறுத்தி, "தண்ணீர் கேட்பவர்களுக்குத் தண்ணீர் கொடு. வழி கேட்பவர்களுக்கு வழி சொல். இடத்தை விட்டு நகராதே" என்று கட்டளையிட்டுவிட்டு ஆசிரியர் போய்விட்டார்.

"கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டு வந்தது. நாலு வயது இருக்கும். தெலுங்கு பேசிற்று. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஊதலை வாயில் வைத்து ஊதிக் காட்டினேன், அழுகை நின்றது. மூன்று மணி நேரம் ஆயிற்று, ஐயா. பசி காதை அடைத்தது. கையை மட்டும் விடவில்லை. கடைசியில் தாயார் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, மடியிலிருந்து கற்கண்டை எடுத்து என் கையில் வைத்தாள். சாரணன் கூலி வாங்கக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டினேன். அவளோ கற்கண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் என் கையில் வைத்தாள். பிரசாதம் என்று புரிந்தது, வாங்கிக்கொண்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மெல்லிய குரலில், "1992-ம் வருஷம் மகாமகத்தில் நான் இல்லை, ஐயா. வேறு ஊரில் உத்தியோகம். பேப்பரில்தான் படித்தேன்" என்றார்.

அந்த ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி மகாமகக் குளத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நெரிசலில் சிக்கி ஏறக்குறைய ஐம்பது பேர் மாண்டுபோனார்கள் என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2004-ம் ஆண்டில் வந்த மகாமகம் நல்லபடியாகக் கழிந்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலை 16-ம் தேதி, அதே கும்பகோணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. ஊர் முழுவதும் அழுத நாள் அது. புல்தரைப் பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. கோவில் மணி அடிக்கும் வரையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாரணர் படை இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல நாம் துணியவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். எரியும் கூரையைக் குழந்தைகள் தலைக்கு மேல் போட்டது குழந்தைகள் அல்ல. இடுக்கமான படிக்கட்டைக் கட்டியதும் அவர்கள் அல்ல. பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு பிறந்தது. "தயாராக இரு!" என்பது சாரணர்களின் மூலமந்திரம். குழந்தைகளைப் பார்த்து நாம் அதை நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். சொல்லுகிற நாம் தயாராக இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பழைய சாரணர்களின் ஞாபகங்களில் இனிமை இருக்கிறது. நமக்கும் அதைக் கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் ஞாபகம் என்பது வெறும் கற்கண்டாக இருந்து கரைந்து போனால் போதாது. பன்னிரண்டு வயதில் மானத்தின்மேல் இட்ட ஆணைக்கு ஓய்வு வயது கிடையாது. அறுபது வயதோடு உத்தியோகம் முடியலாம், பிரதிக்ஞை முடிவதில்லை. அந்த நாளில் தன் கையில் ஒப்படைத்த பொறுப்பை எண்ணிப் பெருமைப்படுகிறவர், இன்று தம் பேரனுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு தரம் போய், மாடிப்படி எத்தனை, வாசல் எத்தனை, ஆபத்து வந்தால் குழந்தைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் அல்லவா? ஒரு நிமிஷம் பார்த்து மூடியபின் நினைவிலிருந்து சொல்லும் விளையாட்டைக் கற்றவர்தானே அவர்!

மற்றொன்றும் உண்டு. "சாரணர் படையில் சேர்ந்தால் என்ன லாபம்? டியூஷனுக்கு நேரம் போய்விடுமே!" என்று கேட்கும் பெற்றோர்கள் இன்று அநேகம். இன்னும் சிலர், ஜனாதிபதி விருது கிடைத்தால் ரயில்வே உத்தியோகத்தில் சலுகை உண்டென்று கேள்விப்பட்டு, அதற்காகவே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். விருது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாராசுரத்துப் புல்தரையில் மூன்று பேர் மூன்று கதை சொன்னார்களே, அவர்களில் ஒருவராவது பதக்கத்தைப் பற்றிப் பேசினார்களா? ஒருவர் முடிச்சைச் சொன்னார். ஒருவர் காவலைச் சொன்னார். ஒருவர் விடாமல் பிடித்த சிறு கையைச் சொன்னார். "உன்னால் முடியும், நீ செய்" என்று யாரோ ஒரு பெரியவர் விலகி நின்றதுதான் மூன்று கதைகளுக்கும் ஆதாரம். டியூஷன் வகுப்பில் எத்தனை பணம் கட்டினாலும் இது கிடைக்காது.

குழந்தைகளைப் பத்திரமாக வைத்திருப்பது ஒரு கடமை. அவர்கள் கையில் பொறுப்பை ஒப்படைப்பது இன்னொரு கடமை. முதலாவதைச் செய்யாதவருக்கு இரண்டாவதைச் செய்ய அருகதை இல்லை. முதலாவதை மட்டும் செய்பவர் குழந்தையைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் ஆகிறார். முகாமுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட அந்தத் தகப்பனார் இரண்டையும் செய்தார். போகிற இடம் எது, உடன் போகிறவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. 2016-ல் வந்து போயிற்று, அடுத்தது 2028-ல். அன்றைக்கும் குளத்துக்குப் போகும் சந்து முனைகளில் தண்ணீர் கேட்பவர்கள் இருப்பார்கள்; வழி தெரியாதவர்கள் இருப்பார்கள்; தாயைத் தவறவிட்டு அழும் குழந்தையும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அந்தச் சிறு கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கக்கூடிய பையனோ பெண்ணோ இன்று ஏதோ ஒரு வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டிலும் இருக்கலாம். அவர்களைத் தயார் செய்வதற்கும், நாம் தயாராவதற்கும் இப்போதே ஆரம்பிப்பது நல்லது.